அம்மன் நெஞ்சுல 'பதிவு செய்யப்படாத பிரதி'

கம்ப்யூட்டர் ரிப்பேர் தொழில்ல, கண்ணுக்குத் தெரியற வயருக்குப் பேசாம காசு குடுப்பாங்க. கண்ணுக்குத் தெரியாத சாஃப்ட்வேருக்குக் கேட்டா, நாம என்னமோ அவங்க கொல்லையில பூந்துட்ட மாதிரி பாப்பாங்க. கடைக்குக் கடை ஸ்க்ரூ முடுக்கற என் இன மக்களே, உங்களுக்குத் தெரியாததா. நான் காலேஜ பாதியில விட்டுட்டு புந்தோங்ல ஒரு கடையில ஒட்டிக்கிட்டிருக்கேன்.

சும்மா குடுத்தா சந்தேகம்

கேட்டரிங் பண்ற சரசு அக்கா லேப்டாப்புல, சட்டப்படியே பெர்சுமாவா கெடைக்கிற, யாரும் காசு கேக்காத ஆபிஸ் சாஃப்ட்வேர் போட்டுக் குடுத்தேன். மறுநாளே தூக்கிக்கிட்டு வந்துட்டாங்க.

"சும்மா குடுக்கறான்னா உள்ள என்னமோ வெச்சிருக்கான் தம்பி. எல்லாரும் போடற திருட்டு சாமானே போடுலா, அதான் நம்பிக்கை."

அம்மனுக்கே பர்மிட்டா

கோயில் செயலாளர் மணியம் அண்ணே திருவிழா நோட்டீஸ் இருக்கற கோயில் கம்ப்யூட்டரத் தூக்கிக்கிட்டு வந்தாரு. நோட்டீஸ் செய்யற சாஃப்ட்வேர சும்மா ஓட்டிப் பாக்கற காலம் முடிஞ்சும் காசு கட்டிப் பதியல. அதனால அம்மன் நெஞ்சுக்குக் குறுக்க 'பதிவு செய்யப்படாத பிரதி'ன்னு கொட்டை எழுத்து. காசு கட்டாமலே சாஃப்ட்வேர் பூட்ட ஒடைச்சு, அந்த எழுத்த எடுத்துக் குடுன்னாரு.

"அண்ணே, இது தெலுக் இந்தான்ல ஒரு மனுசன் தனியா உக்காந்து செஞ்சது. அவருக்கும் வயிறு இருக்கு, பதிஞ்சிடுங்க"ன்னேன்.

"சாமி காரியம் எப்படிடா திருட்டாகும்? அம்மனுக்கே பர்மிட் கேக்கறியா?"

யாருக்கு நேர்மை

மணியம் அண்ணே கம்ப்யூட்டர விட்டுட்டுப் போனதும் எங்க கடை முதலாளி, தவுக்கே, கூப்பிட்டாரு. நாளைக்கு நோட்டீஸ் அச்சுக்குப் போகணும், பூட்ட ஒடைக்கலன்னா இந்தப் பக்கமே வராதன்னாரு. தப்புதானே தவுக்கேன்னு இழுத்தேன்.

"படிப்ப விட்டுட்டு ஓடி வந்தவனுக்கு நேர்மை எதுக்குலா? அதெல்லாம் டிகிரி வாங்கினவன் பாக்க வேண்டிய வேலை."

உபயம்

வேலை போனா அப்பா மறுபடியும் காலேஜ் பேச்ச எடுப்பாரு. அந்தப் பயத்துல மூளை ஓட ஆரம்பிச்சிருச்சு.

காலையில மணியம் அண்ணே வந்ததும் நோட்டீஸ தெறந்து காட்டினேன். பூமாலை உபயம், அன்னதானம் உபயம்னு பேரா வரிசை கட்டி நிக்கிது. அதுக்கு அடியில 'கம்ப்யூட்டர் சாஃப்ட்வேர் உபயம்: திரு. மணியம் குடும்பத்தார்'னு தட்டினேன். அண்ணே கண்ணாடிய மாட்டிக்கிட்டு திரும்பத் திரும்பப் படிச்சாரு. அங்கேயே போன எடுத்து தெலுக் இந்தானுக்குக் காச அனுப்பிட்டாரு. அம்மன் மேல இருந்த எழுத்து மறைஞ்சுது, என் வேலையும் தப்பிச்சுது. வாசல் வரைக்கும் போனவரு திரும்பி வந்தாரு.

"தம்பி, இந்தக் கம்ப்யூட்டர்ல வேற என்னென்ன திருட்டு சாமான் இருக்குன்னு பாரு. என் மச்சான் பேரு எதுலயும் வரல, கோவிச்சுக்குவான்."

லைசன்ஸுக்குக் காசு வாங்கணும்னா சட்டம் பேசாதீங்க மக்களே, பேரக் கொஞ்சம் பெரிய எழுத்துல போடுங்க.