அந்தோணியார்துறையின் நாலாவது படம்

எங்கள் அம்மா சகாயம்மாள் பிடிவாதக்காரி. பாலக்கரைக் காய்கறிக் கடைக்காரர்கள்கூட அவளைத் தூரத்தில் கண்டாலே பேரத்துக்கு முன்பே இறங்கி வந்துவிடுவார்கள். அப்படிப்பட்டவள் ஒரே ஒரு காரியத்தில் மட்டும் வருஷா வருஷம் தோற்றுக்கொண்டிருந்தாள். தலைப்பிள்ளையைப் புதைத்த இடத்தை அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை.

அவன் எனக்கு மூத்தவன். பெயர் இன்னாசி. ஐம்பத்து மூன்றில், நடை பழகுகிற வயதில், காய்ச்சலில் போய்விட்டான். அப்போது அப்பா பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் பிட்டர். குடியிருந்தது ஜீயபுரம் தாண்டி, காவிரியின் தென்கரையில், அந்தோணியார்துறையில். அடுத்த வருஷமே அப்பாவுக்கு ஹூப்ளிக்கு மாற்றலாகிவிட்டது. நான் பிறந்தது, படித்தது எல்லாம் அங்கேதான். கல்யாணம் காட்சி என்று திருச்சிக்கு வந்தாலும் அப்பா அம்மாவை அந்தப் பக்கம் விடவே மாட்டார். ரிட்டயராகி நாங்கள் பாலக்கரைக்கு வந்தபோது எழுபத்தேழு வெள்ளம் வந்து போயிருந்தது. அப்பாவும் இரண்டு வருஷத்தில் கண்ணை மூடினார். அவருடைய டிரங்குப் பெட்டியில் அந்தோணியார்துறையில் எடுத்த நாலு போட்டோக்கள் கிடைத்தன.

அந்த வருஷக் கல்லறைத் திருநாளுக்கு, மெழுகுவர்த்தி, சாமந்திப் பூ, நாலு போட்டோ, இவற்றோடு என்னையும் இழுத்துக்கொண்டு அம்மா பஸ் ஏறினாள்.

ஒரு காலத்தில் பரிசல் துறையால் பிழைத்த ஊர். பஸ் ரோடு வந்ததும் பரிசல் போனது, பரிசலோடு சந்தையும் போனது. நாங்கள் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு தெருத் தெருவாக ஒத்துப் பார்த்தோம். முதல் படத்தில் கோயில் முகப்பு. கோயில் அப்படியே இருந்தது, சாமியார்தான் மாதத்துக்கு இரண்டு தடவை வருகிறாராம். இரண்டாவதில் மாட்டுவண்டிகள் நெரியும் கடைத்தெரு. இப்போது பாதி வீடு பூட்டிக் கிடந்தது, ஆனால் ஒவ்வொரு வாசற்படியும் படத்தில் இருந்த இடத்தில்தான் இருந்தது. மூன்றாவதில் அப்பாவும் அம்மாவும் குடியிருந்த வீடு. அதுவும் பொருந்தியது. அம்மாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது.

நாலாவதுதான் கல்லறை. ஆற்றைப் பார்க்க, வடக்கு நோக்கி எடுத்த படம். நடுவில் பேர் வெட்டாத இரும்புச் சிலுவை, அப்பாவே ஒர்க்‌ஷாப்பில் அடித்தது. சிலுவைக்கு இடப்பக்கம் படித்துறை, வலப்பக்கம் ஒரு பூவரசங்கன்று. சிலுவையை ஒட்டி அம்மா, முக்காடு போட்டு நிற்கிறாள்.

படித்துறைக்குப் போகும் பாதை கல்லறைத் தோட்டத்தை இரண்டாகப் பிளக்கிறது. எந்தப் பக்கம் புதைத்தது என்பது இத்தனை வருஷத்தில் அம்மாவுக்கே மறந்துவிட்டது. படத்தின்படி சிலுவை பாதைக்குக் கிழக்கே இருக்கவேண்டும். கிழக்கே போய்ப் பார்த்தால் கரையே இல்லை. வெள்ளம் அரித்துத் தின்றுவிட்டிருந்தது. கோயில் உபதேசியார் அடைக்கலராஜ் எங்களோடு நின்று வருத்தப்பட்டார். ஆறு கொண்டுபோனதை யார் திருப்பித் தருவது, கோயில் வாசலிலேயே மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டுப் போங்கள் என்றார். அம்மா மாட்டேன் என்றுவிட்டாள். அடுத்த வருஷமும் அதே பஸ், அதே கிழக்குக் கரை. மெழுகுவர்த்தியை ஏற்றாமலே திரும்பக் கொண்டுவந்தாள்.

எனக்குக் கோபம் வரும். இத்தனை வருஷம் கழித்து ஒரு மண்மேட்டுக்காக எதற்கு இப்படி அலைகிறாய் என்று ஒருநாள் கத்திவிட்டேன். அம்மா அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

"மூணு நாள் கஷாயம் வச்சுக் கொடுத்துக்கிட்டே இருந்துட்டேன் ராணி. முதல் நாளே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடியிருந்தா பொழைச்சிருப்பான். அவன் முன்னாடி ஒரு தடவை முட்டி போட்டு மன்னிப்புக் கேக்கணும். அதுக்குத்தான்."

எண்பத்து மூன்றாம் வருஷக் கல்லறைத் திருநாளுக்கு லீவு போட்டுவிட்டு நானே முதலில் கிளம்பி நின்றேன்.

அந்த முறையும் கிழக்குக் கரையில் நின்று படத்தையும் தண்ணீரையும் மாறி மாறிப் பார்த்தோம். மேற்கே, வண்டல் மூடி நாணல் மண்டிக் கிடந்த பக்கத்தில், ஒரு பெண் புல் அறுத்துக்கொண்டிருந்தாள். பெயர் ரெங்கம்மாள், பக்கத்துக் கொல்லைக்காரி. வேடிக்கை பார்க்க வந்தவள், படத்தை வாங்கி நிதானமாகப் பார்த்தாள். சிலுவையை அவள் பார்க்கவில்லை. அம்மாவைத்தான் பார்த்தாள்.

"நீங்களாங்க இது? அழகா இருந்திருக்கீங்க. ஏங்க, உங்க வேதக்காரங்க அப்பல்லாம் மாராப்பை வலது தோள்லதான் போடுவீங்களா?"

அம்மா சிரித்துவிட்டாள். யாராவது வலது தோளில் போடுவார்களா, நான் தாவணி கட்டிய நாளிலிருந்து இடது தோள்தான் என்றாள். ரெங்கம்மாள் விடவில்லை, படத்தை நீட்டி, பாருங்க என்றாள்.

நான் எட்டிப் பார்த்தேன். வலது தோள்தான். நான் வேலை பார்ப்பது ஸ்ரீரங்கத்தில் ஓர் எக்ஸ்ரே கூடத்தில். படத்தில் வலது எது, இடது எது என்று அடையாளம் போட்டு ஒட்டுவதுதான் என் பிழைப்பு. ஊரார் எலும்பையெல்லாம் இடம் வலம் பார்த்த எனக்கு, பெற்றவளின் புடவையைப் பார்க்கத் தெரியவில்லை. அந்தக் காலத்து ஸ்டூடியோக்காரன் எவனோ நெகடிவைப் புரட்டிப் போட்டுப் பிரிண்ட் எடுத்திருக்கிறான். மற்ற மூன்றும் அச்சாகப் பொருந்தியதால் நாலாவதை நாங்கள் சந்தேகப்படவே இல்லை.

"அம்மா, படம் புரண்டிருக்கு. படித்துறை வலப்பக்கம், பூவரசு இடப்பக்கம். நாம மேற்கால தேடணும்."

அம்மாவுக்குப் பாதிதான் புரிந்தது. ஆனால் மேற்கே திரும்பியவள் அப்படியே நின்றுவிட்டாள். நாணலுக்கு மேலே ஒரு பெரிய பூவரசு மஞ்சளாகப் பூத்து நின்றது. கன்று என்று தேடினோமே, முப்பது வருஷத்தில் அது மரமாகியிருக்காதா? எங்கள் புத்தியை என்னவென்று சொல்வது.

ரெங்கம்மாள் ஓடிப்போய் வீட்டுக்காரர் வீரமலையை மண்வெட்டியோடு கூட்டி வந்தாள். அடைக்கலராஜும் வந்துவிட்டார். மரத்துக்கும் பாதைக்கும் நடுவே வீரமலை பதமாக, ஒவ்வொரு பிடியாக வண்டலை வெட்டி எடுத்தார். முதலில் ஒன்றும் இல்லை. இரண்டடி தள்ளி வெட்டினார். முழங்கால் ஆழத்தில் இரும்பில் மண்வெட்டி பட்டது. அதற்கப்புறம் அவர் வெட்டவில்லை, கையால் பறித்தார். துருவேறிய சிலுவை, ஒரு பக்கம் கொஞ்சம் சாய்ந்து, தலையைக் காட்டியது. அம்மா குழிக்குள் இறங்கி அதைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன். பார்த்தே இராத அண்ணனுக்காக அப்படி அழுகை வரும் என்று நான் நினைக்கவே இல்லை.

அடைக்கலராஜ் ஜெபம் சொன்னார். மெழுகுவர்த்தி ஏற்றினோம். எல்லோரும் சற்று விலகிப் போனதும் அம்மா முட்டி போட்டாள். மன்னிப்புக் கேட்கப்போகிறாள் என்று நானும் நகரப் பார்த்தேன். அவள் கையை நீட்டி அந்தப் படத்தைக் கேட்டாள். வாங்கி வெகுநேரம் பார்த்தாள்.

"இத்தனை நாளும் இதுல சிலுவையை மட்டுந்தான் பார்த்திருக்கேன் ராணி. இந்தப் பொண்ணை இன்னிக்குத்தான் பார்க்கிறேன். பாரேன், மொகத்துல பால் மணம் மாறலை. அவ ஒத்தையில என்ன பண்ணியிருப்பா? இவளைப் போயா நான் முப்பது வருஷமா கொலைகாரின்னு திட்டிக்கிட்டிருந்தேன்?"

நான் பக்கத்தில் உட்கார்ந்து அவள் தோளைப் பிடித்துக்கொண்டேன். மூக்கைச் சிந்தித் துடைத்துக்கொண்டு அம்மா சிலுவைப் பக்கம் திரும்பினாள். மன்னிப்பு என்ற பேச்சே அவள் எடுக்கவில்லை. ஹூப்ளி குளிர், அப்பாவின் குறட்டை என்று பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளையிடம் சொல்வதுபோலச் சொல்லிக்கொண்டே போனவள், கடைசியில் என் கையைப் பிடித்து அந்த இரும்பின்மேல் வைத்தாள்.

"இன்னாசி, இவதான்டா உன் தங்கச்சி."