வாய் பிளந்த சுதேசி ஸ்பானர்

இருபத்திரண்டு வயதில் எனக்கு ஒரு பட்டு வியாபாரியின் பஸ் கொட்டகையில் மெக்கானிக் வேலை கிடைத்தது. மெக்கானிக் என்பது நானே எனக்கு வைத்துக்கொண்ட பெயர். முதலாளி என்னை ‘வண்டிக்கு அடியில படுக்கிறவன்’ என்றுதான் சொல்வார். அவரிடம் இரண்டு பஸ்கள் இருந்தன. ஒன்று ஓடும். மற்றது அதற்குத் தன் உறுப்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றிக் கொடுத்துக்கொண்டு கொட்டகையில் நிற்கும். சேலையில் ஓர் இழை அறுந்திருந்தால் நெசவாளியை அரைநாள் வாசலில் நிறுத்தி வைக்கத் தெரிந்த மனிதருக்கு, சக்கரத்தில் ஒரு நட்டு இல்லாதது மட்டும் கண்ணுக்குத் தெரியாது. வண்டி ஓடுகிறதல்லவா, அது போதும்.

எனக்கு முன்னால் அங்கே இருந்த மெக்கானிக் கோபித்துக்கொண்டு போகும்போது தன் கருவிகளையெல்லாம் மூட்டை கட்டி எடுத்துப் போய்விட்டான். அவை அவனுடையவை, எடுத்துப் போனது நியாயம்தான். கொட்டகையில் மிஞ்சியது தலை ஆடும் ஒரு சுத்தியல். முதலாளியிடம் கருவி வேண்டும் என்று கேட்டேன். சவரம் பண்ண வருகிறவன் கத்தியை நம்மிடமா கேட்கிறான் என்றார். பக்கத்தில் இருந்த கணக்குப்பிள்ளை அதைக் கேட்டு வெகுநேரம் சிரித்தார். சிரிப்பதற்கும் சேர்த்துத்தான் அவருக்குச் சம்பளம் என்று நினைத்துக்கொண்டேன்.

சீமை ஸ்பானர் வேண்டுமென்றால் பட்டணத்துக்குப் போக வேண்டும். ஒருமுறை போய்க் கடைக் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டு வந்தேன். பல மாதச் சம்பளத்தை அப்படியே கொண்டுபோய்க் கொட்டினால் ஒரு செட் வரும். அதனால் சின்ன காஞ்சிபுரத்தில் சுதேசிக் கடை என்று புதுப் பலகை மாட்டியிருந்த கடைக்குப் போனேன்.

அந்தக் கடைக்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதற்கு இரண்டு வருஷம் முன்புவரை அதே கடையில் அவர் சீமை சோப்பும் வாசனைத் தைலமும் விற்றுக்கொண்டிருந்தார். ஊரில் சீமைத் துணியைத் தெருவில் போட்டுக் கொளுத்த ஆரம்பித்ததும் அவரும் கதருக்கு மாறினார். ஆனால் தன் சரக்கில் ஒன்றைக்கூட அவர் கொளுத்தவில்லை. பாதி விலைக்கு எல்லாவற்றையும் தள்ளிவிட்டு, பெட்டி காலியான பிறகுதான் கதர் கட்டினார். சாயங்காலங்களில் கடை வாசலில் நின்று பாரதத்தாயின் பிள்ளைகள் எல்லோரும் ஒன்று என்று பேசுவார். நல்ல குரல். நானும் எதிர்ச் சாரியில் நின்று கேட்டிருக்கிறேன். எதிர்ச் சாரியில்தான் நிற்க முடியும். என் அப்பா சேரியில் பிறந்து பாதிரியாரிடம் போய் வேதத்தில் சேர்ந்தவர். வேதத்தில் சேர்ந்தாலும் அந்தத் தெருவுக்கு நாங்கள் பழைய ஆட்கள்தான்.

படிக்குக் கீழே நின்று, மூன்று ஸ்பானரும் ஒரு திருப்புளியும் ஒரு குறடும் வேண்டும் என்றேன். அவர் எடுத்துத் தன் பக்கத்துப் பலகையில் பரப்பினார். கறுப்பு வர்ணம் அடித்துப் பளபளவென்று இருந்தன. ஒவ்வொன்றின் முதுகிலும் தாமரைப்பூ அச்சு. ஒரு நட்டை மடியிலேயே கொண்டுபோயிருந்தேன். மாட்டிப் பார்க்கலாமா என்று கேட்டேன்.

“பணத்த வெச்சிட்டு எடுத்துக்கினு போய் உன் கொட்டகையில பாருடா. இங்க தொடாத” என்றார். பிறகு குரலைக் கொஞ்சம் இளக்கி, இது நம் நாட்டு இரும்பு, நம் நாட்டுக் கை செய்தது, இதை வாங்கினால் நானும் தேசத்துக்கு உழைக்கிறவன் ஆவேன் என்றார். கடைசிப் படியில் காகிதத்தில் சுற்றி வைத்தார். குனிந்து எடுத்துக்கொண்டேன்.

கொட்டகையில் முதல் நட்டிலேயே ஸ்பானர் வாயைப் பிளந்தது. என் விரல் முட்டிகள் இரும்பில் மோதித் தோல் உரிந்தது. வர்ணத்தைச் சுரண்டிப் பார்த்தேன். அடுப்புக்குக் கால் வைக்கவும் லாயக்கில்லாத வார்ப்பு இரும்பு, நடுவில் ஓட்டை, ஓட்டையில் அரக்கு வைத்து அடைத்திருந்தது. திருப்புளி ஈயக் கம்பிபோல் முறுக்கிக்கொண்டது. குறட்டின் இரண்டு தாடையும், சண்டை போட்ட புருஷன் பெண்டாட்டி மாதிரி ஒன்றையொன்று பார்க்காமல் விலகி நின்றன. தாமரைப்பூ மட்டும் அழகாக இருந்தது. அதை வெட்டியவனுக்கு வேலை தெரிந்திருக்கிறது.

திரும்ப எடுத்துக்கொண்டு போனேன். கடையில் நாலைந்து பேர் இருந்தார்கள். அவர் ஸ்பானரைப் பார்க்கக்கூட இல்லை. என் கைதான் முரட்டுக் கை என்றார். பிறகு மெதுவாக, எல்லோருக்கும் கேட்கும்படி, “நீ தொட்டத நான் திரும்ப வாங்கி இன்னொருத்தருக்கு எப்படிடா விக்கறது?” என்றார். சரிங்க சாமி என்று சொல்லிவிட்டு வந்தேன். அவர் சொன்னது எனக்கு இப்போது மறந்துவிட்டது என்று சொன்னாலும் சொல்வேன். நான் சொன்ன அந்தச் சரிங்க சாமி மறக்கவில்லை. அந்தத் தெருவில் அன்றைக்கு அவரைவிடக் கேவலமாக எனக்குத் தெரிந்தவன் நான்தான்.

முதலாளியிடம் போய், முன் சக்கரத்து நட்டுகளை இந்தக் கருவியால் முழுக்க இறுக்க முடியவில்லை, வண்டியை அனுப்பக் கூடாது என்று சொன்னேன். அவருக்கு வேறு யோசனை ஓடிக்கொண்டிருந்தது. தன் பஸ்ஸில் சுதேசிக் கருவிதான் உபயோகம் என்று அவர் ஊரெல்லாம் சொல்லியிருந்தார். கடைக்காரர் ஒரு கூட்டத்தில் அதைச் சொல்லி அவருக்கு மாலைகூடப் போட்டிருந்தார். கருவிக்குப் பணம் போனது என் மடியிலிருந்து, மாலை விழுந்தது அவர் கழுத்தில். இருக்கிறதை வைத்து இறுக்கு, ஊரில் போய் வாயை விடாதே என்றார்.

நாலாவது நாள் வண்டி தெற்கே கிளம்பியது. வழியில் ஏதாவது ஆனால் பார்க்க நானும் பின்னால் தொற்றிக்கொண்டேன். முதலாளி ஒரு கல்யாணத்துக்குப் பட்டுச் சேலைக் கட்டுகளோடு முன்னால் உட்கார்ந்திருந்தார். அவர் பக்கத்தில் சுதேசிக் கடைக்காரர். ஏதோ சந்தையில் பேசப் போகிறார், கையில் விற்பனைக்கு ஒரு மூட்டைச் சரக்கு. செவிலிமேட்டைத் தாண்டியதும் முன்பக்கம் கடகடவென்று ஆட ஆரம்பித்தது. டிரைவர் நல்ல மனிதர், புத்தி உள்ளவர், உடனே நிறுத்திவிட்டார். இறங்கிப் பார்த்தேன். இடது சக்கரத்தில் ஒரு நட்டைக் காணோம். மற்றவை விரலாலேயே சுற்றும்படி தளர்ந்திருந்தன. இன்னும் கொஞ்ச தூரம் போயிருந்தால் சக்கரம் தனியாகவும் நாங்கள் தனியாகவும் போயிருப்போம்.

என்னிடம் இருந்த ஸ்பானர் வாயை நான் சுத்தியலால் தட்டித் தட்டி அது வெடித்தே போயிருந்தது. முதலாளி கடைக்காரரைப் பார்த்தார். கடைக்காரர் வேறு வழியில்லாமல் மூட்டையை அவிழ்த்தார். புது ஸ்பானர் ஒன்றை எடுத்துத் தரையில் வைத்தார். பிரயாணிகள் எல்லோரும் இறங்கிச் சுற்றி நின்றார்கள். நான் மாட்டித் திருகினேன். வாய் பிளந்தது. இரண்டாவதைக் கொடுத்தார், அதுவும் பிளந்தது. மூன்றாவது பட்டென்று இரண்டாக ஒடிந்து ஒரு துண்டு அவர் காலடியிலேயே போய் விழுந்தது. நான் வேண்டுமென்று முரட்டுத்தனமாகத் திருகவில்லை. அது தேவைப்படவும் இல்லை.

கூட்டம் ஒடிந்த துண்டைப் பார்த்தது. கடைக்காரர்தான் பேசினார். வெள்ளைக்காரன் நம் கருவி பிடிக்கக் கூடாதென்றே நட்டை அப்படிச் செய்து அனுப்புகிறான் என்றார். முதலாளி அதற்கும் தலையாட்டினார்.

சாலையோரப் புளியமரத்தடியில் ஒரு புருஷனும் பெண்டாட்டியும் உலை போட்டிருந்தார்கள். ஊர் ஊராகப் போய் ஏர்க் கொழுவும் வண்டிப் பட்டையும் அடிக்கிறவர்கள். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள் என்று பேச்சிலேயே தெரிந்தது. அந்தப் பெண்பிள்ளை சம்மட்டியைத் தோளில் சாய்த்துக்கொண்டு நேராக வந்து, ஒடிந்த துண்டைக் கையில் எடுத்துப் பார்த்தாள். பார்த்துவிட்டு அதைத் தூக்கி எறியக்கூட இல்லை, கை தானாக அதைக் கீழே விட்டுவிட்டது.

“உன் வண்டியில ஒடிஞ்ச வில்லுப் பட்டை ஏதாச்சும் இருக்குதாப்பா?” என்று என்னைக் கேட்டாள்.

சக்கரத்துக்கு மேலே அடுக்காக இருக்குமே, அந்த எஃகுப் பட்டைதான். முறிந்தது ஒன்று சீட்டுக்கு அடியில் கிடந்தது. கொண்டுபோய்க் கொடுத்தேன். அளவுக்கு ஒரு நட்டைக் கழற்றிக் கொடுக்கச் சொன்னாள். புருஷன் பட்டையைச் சிவக்கக் காய்ச்சிக் குறட்டால் பிடித்துக்கொண்டான். அவள் அடித்தாள். அவன் உளியை எங்கே வைக்கிறானோ அங்கே அவள் சம்மட்டி இறங்கியது, ஒரு பேச்சு இல்லை. வாயை வெட்டி, நட்டை வைத்து அளவு பார்த்து, அரத்தால் ராவி, மறுபடி காய்ச்சி எண்ணெயில் முக்கினார்கள். கறுப்பாக, கோணல்மாணலாக, தாமரையும் கீமரையும் இல்லாமல் ஒரு ஸ்பானர் வந்தது. என் கையிலேயே கொடுத்தாள். சூடு ஆறியிருக்கிறதா என்று முதலில் தன் உள்ளங்கையில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தாள்.

நட்டில் மாட்டினேன். இம்மிகூட ஆடவில்லை. உடம்பு முழுவதையும் போட்டு இறுக்கினேன், அது என்னைப் பொருட்படுத்தவே இல்லை. காணாமல் போன நட்டுக்கு ஈடாக இன்னொரு சக்கரத்திலிருந்து ஒரு நட்டைக் கழற்றி இதில் போடலாம் என்று டிரைவர் சொன்னார், அப்படியே செய்தோம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஏன் சிரிக்கிறாய் என்று முதலாளி அதட்டினார். ஒன்றுமில்லைங்க என்றேன்.

கூலி கொடுக்கும்போது முதலாளி அந்தப் பெண்ணிடம் பேரம் பேசினார். கல்யாணத்துக்கு நேரமாகிறது, அப்படியும் பேசினார். அவள் ஸ்பானரைக் கொடுக்கும்படி என்னிடம் கையை நீட்டினாள். அவர் முழுசாகக் கொடுத்தார். அந்த மனிதர் கேட்ட விலையைக் கொடுத்து நான் பார்த்தது அன்று ஒருநாள்தான்.

அந்த வருஷம் அவர்கள் கூரம் பக்கம், செவிலிமேடு பக்கம் என்று சுற்றிக்கொண்டே இருந்தார்கள். விடுமுறை நாளில் ஒடிந்த பட்டைகளைச் சுமந்துகொண்டு தேடிப் போவேன். ஒவ்வொன்றாக எனக்கு ஒரு செட் முழுக்கச் செய்து கொடுத்தார்கள். திருப்புளி, உளி, ஆறு ஸ்பானர். அதற்கு ஆன செலவு அந்தத் தாமரைப்பூக் குப்பைக்கு ஆனதைவிடக் குறைவு. நான் இரும்பு கொண்டுபோனதால் கூலி மட்டும்தான்.

கொஞ்ச நாளில் சுதேசிக் கடைக்காரரும் அவர்களைத் தேடிப் பிடித்துவிட்டார். அதை அவளே என்னிடம் சொன்னாள். தேசம், சுதேசி என்று வாய் வலிக்கப் பேசிவிட்டு இரண்டு டஜன் ஸ்பானர் கேட்டாராம். நல்ல சாமான் இனி ஊருக்குக் கிடைக்கும் என்று நானும் நினைத்தேன். அதற்குள் ஊரில் கதர் வேகம் தணிந்திருந்தது. கடைக்காரர் பழையபடி சீமை சோப்புப் பெட்டிகளை வரவழைத்து அடுக்கிவிட்டார். அவள் அடித்த ஸ்பானர்களை உப்புக் காகிதம் போட்டுத் தேய்த்து, இங்கிலீஷில் இரண்டு எழுத்து வெட்டி, எண்ணெய்த் தாளில் சுற்றி, சீமைச் சரக்கு என்று விற்றார்.

முதலாளி அதில் ஒன்றை வாங்கி வந்தார். கொட்டகைக்கு என்று அவர் காசு கொடுத்து வாங்கிய முதல் கருவி அதுதான். வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிக் காட்டினார்.

“சீமைன்னா சீமைதான்யா. உங்க மரத்தடி சாமானெல்லாம் இதுங்கிட்ட நிக்குமா?” என்றார்.

அதன் கழுத்தில் அவள் அடியில் உளி எப்போதும் ஒரு பக்கம் ஆழமாக விழும் தடம் அப்படியே இருந்தது. எனக்கு வாய்வரை வந்தது. சொன்னால் என்ன ஆகும் என்று யோசித்தேன். அவர் நம்ப மாட்டார், நம்பினால் அதைத் தூக்கி எறிந்துவிட்டு மறுபடி தாமரைப்பூ வாங்கி வருவார். ரொம்ப நல்ல சாமானுங்க என்றேன். அது உண்மையும்தான்.

அடுத்த முறை போனபோது அவளிடம் நடந்ததைச் சொன்னேன். கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் அந்த ஆள் என்ன விலைக்கு விற்கிறான் என்று மட்டும் கேட்டாள். சொன்னேன். புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். அடுத்த டஜனிலிருந்து அவருக்கு விலை மூன்று மடங்கு. எனக்குப் பழைய கூலிதான்.