இடதுபக்கத்துப் பித்தளை பிளக்

என் மேசை இழுப்பறையில், பழைய கேமரா பிலிம் டப்பா ஒன்றுக்குள், கட்டைவிரல் நுனி அளவில் ஒரு பித்தளை பிளக் கிடக்கிறது. தலை சதுரம், உடம்பெல்லாம் மரை. தலையின் ஒரு மூலையில் குங்குமம் ஒட்டியிருந்தது. இப்போது அது கறுத்துப்போய், தெரியாதவர்கள் துரு என்றுதான் நினைப்பார்கள். பேனா தேடும்போதெல்லாம் அந்த டப்பா கையில் தட்டுப்படும். தட்டுப்பட்டதும் எரிச்சல் வரும். முதலில் என் சகலை மேல் வரும், அப்புறம் என் மேல் வரும். இருபது வருஷத்துக்கு மேலாக இதே வரிசைதான்.

சகலை என்றால் என் மனைவியின் அக்கா கணவர். என்னைவிட ஆறு வயது மூத்தவர். கோயம்புத்தூரில் ஒரு பம்புக் கம்பெனியில் டெஸ்டிங் பிரிவில் இருந்தவர். மோட்டார் ஓடும் சத்தத்தைச் சுவருக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டே எந்த பேரிங் போகப் போகிறது என்று சொல்லுவாராம். இதை அவரே என்னிடம் நாற்பது தடவையாவது சொல்லியிருக்கிறார். தொண்ணூறுகளில் எல்லாரையும் போல அவரும் கம்ப்யூட்டர் படித்துக்கொண்டு நியூஜெர்சிக்கு வந்து, ஜன்னல் இல்லாத ஓர் அறையில் திரையைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார். ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் எங்கள் வீட்டுக்கும் அவர் வீட்டுக்கும் காரில் பத்து நிமிஷம். அவருடைய ஆபீசில் ஓய்வுபெற்றுப் போன ஒரு வெள்ளைக்காரர் தன் பழைய படகை விற்கப்போவதாகச் சொன்ன அன்றைக்கு, கதவைத் தட்டாமலே உள்ளே வந்து, "ஏனுங்க சகலை, நாம ரெண்டு பேரும் சேந்து ஒரு போட் வாங்கிப் போடலாமுங்க" என்றார். எனக்கு நீச்சல் தெரியாது, அவருக்கும் தெரியாது. வாங்கிவிட்டோம்.

அந்தக் கோடை முழுக்க ராரிட்டன் விரிகுடாவில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு சுற்றியது எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. சனி பிடித்தது செப்டம்பரில். படகு எஞ்சினுக்குக் கார் மாதிரி ரேடியேட்டர் கிடையாது. வெளியே இருக்கிற தண்ணீரையே உறிஞ்சி, எஞ்சினுக்குள் ஓடவிட்டுச் சூட்டைத் தணித்து, வெளியே துப்பிவிடும். ஓட்டி முடித்த பிறகும் உள்ளே கொஞ்சம் தண்ணீர் தங்கும். நியூஜெர்சிக் குளிரில் அது உறைந்தால் விரியும், விரிந்தால் இரும்பே பிளந்துவிடும். அதனால் குளிர் வருமுன் அந்தத் தண்ணீரை வடித்துவிட்டு, ரோஸ் நிறத்தில் ஒரு உறையா மருந்தை ஊற்றி வைக்கவேண்டும். இதற்குப் பெயர் வின்டரைஸ் பண்ணுவது. படகுத்துறையில் ஒரு மெக்கானிக் இருந்தார். கொண்டுபோய் விட்டால் அரைநாளில் முடித்துத் தந்துவிடுவார். விட்டுவிடலாம் என்றேன். சகலை என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நாள் பூரா கீபோர்டு தட்டறனுங்க. இதையும் இன்னொருத்தன் கையில குடுத்துட்டா, அப்புறம் நான் என்னத்துக்குங்க?" என்றார். அன்றிரவு சாப்பிடும்போது நான் இதைச் சொல்லிப் பொருமியதற்கு என் மனைவி, "மாமாவ எதுத்து ஒண்ணும் பேசிராதீங்க. அந்த எஞ்சினத் தொடும்போதுதான் மனுசன் பழையபடி சிரிக்கறாருன்னு அக்கா சொல்லுது" என்றாள். அதோடு நான் வாயை மூடியிருக்கவேண்டும். மூடினேன், ஆனால் காதையும் சேர்த்து மூடிவிட்டேன்.

ஏனென்றால் சகலைக்கு ஒரு வேலையைச் செய்வது பாதிதான், அதைப் பற்றிப் பேசுவது மீதி. படகை டிரெய்லரில் ஏற்றித் தன் வீட்டு டிரைவ்வேயில் கொண்டுவந்து நிறுத்தி, எஞ்சின் கையேட்டைப் பிரதி எடுத்து, மஞ்சள் மார்க்கரால் கோடு போட்டு, துளையிட்டுக் கோப்பில் கோத்து வைத்திருந்தார். மூன்று சனிக்கிழமை. முதல் சனிக்கிழமை எந்த ஸ்பேனர் என்பதைப் பற்றி மட்டும். நான் டார்ச் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றேன். எஞ்சினின் இரண்டு பக்கத்திலும் அடியில் ஒவ்வொரு பித்தளை பிளக் இருக்கும். அதைக் கழற்றினால் தண்ணீர் வடியும், இதுதான் விஷயம். இதைச் சொல்ல அவருக்கு ஒரு மணி நேரம் ஆனது. "தண்ணி வரலைன்னா உள்ள தண்ணி இல்லைன்னு நெனச்சுக்கப் படாதுங்க. சேறு வந்து ஓட்டைய அடச்சுக்கும். ஒரு கம்பிய உட்டுக் குத்திப் பாக்கோணும். ஒவ்வொரு தடவையும் குத்தோணும்" என்று சொல்லிச் சொல்லி, சைக்கிள் சக்கரக் கம்பி ஒன்றால் குத்திக் காட்டினார். அப்போது நான் கால்பந்து ஆடப் போன மகளை எத்தனை மணிக்குப் போய்க் கூட்டிவரவேண்டும் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். ஆமாங்க, சரிங்க என்று மட்டும் இடையிடையே போட்டேன்.

மூன்றாவது சனிக்கிழமை மாலை எல்லாம் முடிந்தது. ஒப்புக்கொள்கிறேன், வேலை சுத்தம். அந்த மெக்கானிக்கே பார்த்திருந்தாலும் குறை சொல்லியிருக்க முடியாது. சகலை முழங்கை வரை கிரீஸோடு டிரைவ்வேயில் நின்று, கையைக் கழுவ மனசில்லாமல் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். அத்தோடு விட்டிருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இல்லை. அடுத்த வாரம் ஆயுத பூஜை வந்தது. டூல் பாக்ஸைத் துடைத்து, ஸ்பேனர்களை அளவு வாரியாக அடுக்கி, எஞ்சின் மூடியைத் திறந்து, கை எட்டிய இடமெல்லாம் சந்தனமும் குங்குமமும் வைத்தார். அந்த பிளக்குகளைக்கூட விடவில்லை. திருஷ்டி சுற்ற வெள்ளைப் பூசணிக்காய் கிடைக்காமல், ஹாலோவீனுக்கு விற்கிற ஆரஞ்சுப் பூசணியைச் சுற்றி உடைத்தார். பக்கத்து வீட்டுக்காரர் நாயோடு வந்து நின்று வேடிக்கை பார்த்தார். பொரிகடலை, சுண்டல் எல்லாம் ஆயிற்று. அது வரைக்கும் எனக்கும் சந்தோஷம்தான்.

மறுநாள் விஜயதசமி. ஆபீசுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த என்னைப் போன் பண்ணி வரவழைத்தார். போய்ப் பார்த்தால் தோட்டத்து ஹோஸ் பைப்பைப் படகோடு மாட்டிக்கொண்டிருக்கிறார். எனக்குப் புரியவே கொஞ்ச நேரம் பிடித்தது. "பூஜைக்கு வெச்சத மறுநா எடுத்து ஒரு தடவையாவது ஓட்டோணுமுங்க. சும்மா போட்டா ஆவாது. கம்பெனில அன்னிக்கு ஒவ்வொரு மோட்டரையும் ஓட்டிப் பாப்போம்" என்றார். மூன்று வாரம் முதுகு ஒடிந்து வடித்த எஞ்சினுக்குள், அவரே மறுபடியும் தண்ணீரை விடப்போகிறார்! நான் கத்தினேன். பள்ளிக்கூடத்தில் விடக் கூட்டிவந்திருந்த என் மகள்கூடக் காரில் உட்கார்ந்தபடியே, "பெரியப்பா, இட்ஸ் நாட் ஈவன் கோயிங் எனிவேர்!" என்றாள். அவர் சாவியைத் திருப்பிவிட்டார். ஊற்றி வைத்த மருந்தெல்லாம் ஆரத்தித் தண்ணி மாதிரி சிவப்பாக டிரைவ்வேயில் ஓடித் தெருவுக்குப் போனது. அவர் கண்ணை மூடி எஞ்சின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். "திரும்ப வடிச்சுக்கலாமுங்க, என்ன இப்போ?" என்றார். நான் ஆபீசுக்கு அரைமணி நேரம் தாமதம்.

திரும்ப வடிப்பதைப் பற்றி அடுத்த ஒரு மாதம் பேசினோம். ஒரு வாரம் மழை, ஒரு வாரம் யார் வீட்டிலோ சீமந்தம். படகுத்துறைக்காரரிடம் கொடுத்துவிடலாம் என்று நான் மறுபடியும் ஆரம்பிக்க, அவர் மறுபடியும் அந்தக் கோப்பைத் தூக்கிக்கொண்டு வர, இதற்குள் அவருடைய கம்பெனி அவரை டெக்ஸாஸ் வேலைக்கு அனுப்பிவிட்டது. நவம்பர் கடைசியில் குளிர் வரப்போவதாக ரேடியோவில் சொன்ன அன்று டாலஸிலிருந்து போன். "அந்த ரெண்டு பிளக்க மட்டும் கழட்டி உட்ருங்க. மத்ததெல்லாம் நான் வந்து பாத்துக்கறேன்." வேலை முடிந்து இருட்டும் நேரத்தில் போய், கையுறையோடு முடியாமல், கையுறையைக் கழற்றி, வெறும் விரலால் வலதுபக்கத்து பிளக்கைத் திறந்தேன். தண்ணீர் கொட்டியது. இடதுபக்கத்தைத் திறந்தேன். ஒரு சொட்டு வரவில்லை. ஒரு பக்கத்தில் வடிந்தால் மறுபக்கமும் வடிந்துவிடும் என்று, ரசாயனம் படித்த நான், எனக்கு நானே ஒரு தியரி சொல்லிக்கொண்டு, இரண்டையும் திருகி மூடிவிட்டு வீட்டுக்கு வந்தேன். வந்து கோட்டைக்கூடக் கழற்றவில்லை, போன். "ரெண்டு பக்கமும் தண்ணி வந்துச்சுங்களா?" வரவில்லை என்று சொன்னால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். ஒரு மணி நேரம் பேசுவார். எனக்குப் பசி. "வந்துச்சுங்க, வந்துச்சுங்க" என்றேன்.

வசந்தத்தில் அவர் வந்து எஞ்சினை ஓட்டினார். ஐந்து நிமிஷத்தில் சத்தம் மாறியது. எண்ணெய் பார்க்கும் குச்சியை உருவினார், அதில் பால் கலந்த டீ நிறத்தில் ஏதோ வழிந்தது. எண்ணெயோடு தண்ணீர் கலந்துவிட்டது, உள்ளே இரும்பு பிளந்துவிட்டது என்று அர்த்தம். "நீங்க ரெண்டையும் திறந்தீங்கல்லங்க?" என்று ஒரே ஒரு தடவை கேட்டார். திறந்தேன் என்றேன். அது பொய்யில்லையே என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். அவர் குச்சியைத் துடைத்துத் திரும்ப உள்ளே விட்டார். "அப்ப நான்தான் எங்கியோ உட்டுப்போட்டேன். கை மறந்துபோச்சுங்க சகலை" என்று சொல்லி மூடியை இறக்கினார். சண்டை போடவில்லை, சொற்பொழிவு இல்லை, கோப்பை எடுக்கவில்லை. அவர் பேசாமல் போனதை நான் அன்றைக்குத்தான் முதல்முறை பார்த்தேன்.

படகை யாரோ ஒருவர் பாகங்களுக்காக இழுத்துப்போக வந்த நாளில், சகலை கையெழுத்துப் போட உள்ளே போயிருந்தார். நான் எஞ்சினுக்கு முன்னால் தனியாக நின்றேன். என்ன தோன்றியதோ, இடதுபக்கத்து பிளக்கைக் கழற்றி, தரையில் கிடந்த கம்பித்துண்டு ஒன்றை ஓட்டைக்குள் விட்டுக் குத்தினேன். செங்கல் நிறத்தில் சேறு பெயர்ந்து விழுந்தது. பின்னாலேயே, உள்ளே அடைபட்டுக் கிடந்த தண்ணீர் குடுகுடுவென்று என் ஷூ மேல் கொட்டியது. பிளக்கைக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டேன். சகலை வெளியே வந்தபோது, ஷூ ஏன் நனைந்திருக்கிறது என்று கேட்டார். மழைத்தண்ணி தேங்கியிருந்தது என்றேன். அன்றே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கோழைத்தனம்தான், வேறு பெயர் கிடையாது.

அந்த வருஷமே அவர்கள் டாலஸ் பக்கத்தில் இருக்கிற காப்பெல்லுக்கு வீடு மாற்றிக்கொண்டு போனார்கள். டூல் பாக்ஸும் கூடவே போனது, ஆனால் திறக்கப்படவில்லை என்று என் மனைவி மூலம் தெரியவரும். பல்பு மாற்றக்கூட ஆளைக் கூப்பிடுகிறாராம். ஆயுத பூஜைக்கு லேப்டாப்புக்கு மட்டும் பொட்டு வைக்கிறாராம். போனில் என்னிடம் பேசினால் ஐந்து நிமிஷம், அதுவும் வெயிலைப் பற்றி. ஒரு மணி நேரம் பேசமாட்டாரா என்று நான் ஏங்குவேன் என்று தொண்ணூறுகளில் யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

போன மாதம் என் மனைவியின் அக்கா பேசும்போது, வாசல் குழாய் நாலு நாளாக ஒழுகுகிறது, பிளம்பர் வருகிறேன் வருகிறேன் என்று வரவில்லை, இவர் பக்கத்தில் சேர் போட்டு உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்றார். ஒரு வாஷர் மாற்றுகிற வேலை! எனக்கு அந்தப் பழைய எரிச்சல் அப்படியே தலைக்கேறியது. போனை அவரிடம் கொடுக்கச் சொன்னேன். இழுப்பறையைத் திறந்து டப்பாவை எடுத்து வைத்துக்கொண்டேன். "அன்னிக்கு இடதுபக்கத்துல தண்ணி வரலைங்க. வந்துச்சுன்னு பொய் சொன்னேன்" என்றேன். அந்தப் பக்கம் குழாய் சொட்டுகிற சத்தம்கூடக் கேட்டது.

"கம்பி உட்டுக் குத்துனீங்களா?"

"இல்லைங்க."

பிறகு மெதுவாக, "அப்ப என் கை தப்புப் பண்ணல" என்றார். என்னிடம் சொன்னது போல இல்லை. அடுத்த நிமிஷம் வெடித்தார். "ஏன்டா, படிச்சவன்தானடா நீ? ஒரு கம்பிய எடுத்துக் குத்தத் தெரியாதாடா உனக்கு? எத்தன தடவடா சொன்னேன்!" எங்கள் கோயம்புத்தூர்ப் பக்கத்தில் மூத்தவர்கள்கூட ங்க போடாமல் பேசமாட்டார்கள். இத்தனை வருஷத்தில் அவர் என்னை ஒரு தடவைகூட டா போட்டதில்லை. இருபது நிமிஷம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். நடுவில் ஒரு தடவைகூட ஆமாங்க சரிங்க போடவில்லை. திட்டிக்கொண்டே எழுந்து நடந்தார் போலிருக்கிறது. கதவு திறக்கிற சத்தம், பிறகு போனை வாயிலிருந்து எடுத்துவிட்டு அவர் மனைவியிடம் கத்துவது கேட்டது: "அந்த டூல் பாக்ஸ எங்க வெச்ச?"

குழாய் இப்போது ஒழுகவில்லையாம். பிளக்கைத் தனக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறார். அதை நான் இன்னும் அனுப்பவில்லை, டப்பா மேசைமேல்தான் இருக்கிறது. மரை நசுங்காமல் அதை எப்படிப் பொட்டலம் கட்டவேண்டும் என்று பத்து நாளாகத் தினமும் போன் பண்ணிச் சொல்லிக்கொண்டிருக்கிறார். நேற்று ஒரு மணி பத்து நிமிஷம்.