தோளில் இருந்த பஞ்சு

தட்டில் எது வந்தாலும் அம்மா முதலில் அதில் ஒரு கிள்ளு எடுப்பாள். விரல்களுக்கு நடுவே உருட்டித் தண்ணீர் டம்ளருக்குள் போட்டு, கரைகிறதா என்று பார்ப்பாள். பிறகுதான் சாப்பாடு. ரொட்டி, பிஸ்கட், கேக் எதுவும் தப்பாது. என் பட்டமளிப்பு விருந்திலும் செய்தாள். எதிரே என் பேராசிரியர்.

"தண்ணி சரியில்லையாம்மா?"

"தண்ணிக்கு என்ன சார்? உங்க கேக்குதான் ஒரு நிமிஷம்கூட நிக்கல."

மேசைக்கடியில் புகுந்துகொள்ளலாமா என்றிருந்தது. எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி நான். அன்று அம்மாவைப் பார்த்து வெட்கப்பட்டேனா, என்னைப் பார்த்தா என்று இன்னும் சரியாகத் தெரியவில்லை.

அம்மா தையல் கடையில் வேலை செய்கிறாள். ஆறு நாள் கோட்டும் கால்சட்டையும், ஏழாவது நாள் ஏரி. எட்டு வருடமாகக் கெண்டைக்குத் தூண்டில் போட்டும் ஒன்றைக்கூடக் கரையேற்றியதில்லை. இரை மட்டும் தவறாமல் காலியாகும். பக்கத்தில் உட்காரும் சலூன்காரர் அவளுக்கு 'மெஸ்காரக்கா' என்று பெயர் வைத்துவிட்டார்.

"என்னக்கா, இன்னைக்கு மெஸ்ல என்ன ஸ்பெஷல்? மீனெல்லாம் வரிசையில நிக்குது!"

அம்மாவும் சிரிப்பாள். ஆனால் வீடு வந்து சேரும்வரை வெறும் முள்ளையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு வருவாள். ஒருநாள் கோட்டுக்கு அளவு கொடுக்க வந்தவர், "மெஸ்காரக்கா இருக்காங்களா?" என்று கேட்டார். அன்றோடு முடிவு செய்தாள்: ஒரே ஒரு கெண்டை. அது போதும்.

முதலில் கம்பை மாற்றினாள். கெண்டையின் உதடு மிருதுவானது. விறைத்த கம்பால் வெடுக்கென்று இழுத்தால் முள் கிழித்துக்கொண்டு வந்துவிடும்.

"இதப் பாருங்கம்மா, சுறாவையே தூக்கும்," என்றார் தூண்டில் கடைக்காரர். "சாருக்குத்தானே?"

"சாரு திங்கறதோட சரி. எனக்குத்தான். ஏம்ப்பா, ஏரியில எங்க சுறா இருக்கு? நல்லா வளையற மாதிரி ஒண்ணு எடு."

தூண்டில் நரம்பின் நுனியை என்னிடம் கொடுத்தாள். "நீதான் மீனு. ஓடு."

வேதியியல் படித்த நான் அலமாரிகளுக்கு நடுவே ஓடினேன். நாலாவது கம்பில், என் கை வலிக்காமல் என்னை நிறுத்தினாள். நரம்பையும் தையல் நூல் போலத்தான் தேர்ந்தெடுத்தாள். எச்சில் தொட்டு முடிச்சுப் போட்டு, காதருகே சுண்டிப் பார்த்தாள். "முடிச்சுக்கிட்ட அறுந்தா அது நூலே இல்ல."

அடுத்தது இரை. மைதா, மக்காச்சோள மாவு, வறுத்த வேர்க்கடலைப் பொடி, கனிந்த வாழைப்பழம். சமையல் மேடையில் எட்டு டம்ளர்கள். நான் நேரம் குறித்தேன். இளக்கமான உருண்டை நாலு நிமிடத்தில் கரைந்தது. இறுக்கிப் பிசைந்தது நாற்பது நிமிடம் கழித்தும் கோலிக்குண்டு போலக் கிடந்தது. மீன் அதைத் துப்பிவிடும். கட்டம் போட்டு எல்லாவற்றையும் எழுதிக் காட்டினேன்.

"பட்டியல் நல்லாத்தான் இருக்குடி. மீனு எங்க?"

அந்த ஞாயிறு காலை வேறொரு மாவு காத்திருந்தது. அம்மா அதை இழுத்துக் காட்டினாள். உள்ளே மெல்லிய வெள்ளை இழைகள்.

"பஞ்சு. மாவுக்குள்ள நூல் ஓட்டியிருக்கேன்."

கடைக் கழிவு என்று நினைத்தேன். டம்ளரில் அரைமணி நேரம் கழித்தும் உருண்டை அப்படியே இருந்தது. தொட்டால் கன்னம் மாதிரி மெத்தென்றிருந்தது.

ஏரியில் தக்கை இரண்டு தரம் தலையாட்டிவிட்டுச் சட்டென்று காணாமல் போனது. கம்பு வில்லாக வளைந்தது. எங்களிடம் கைவலை இல்லை. எட்டு வருடத்தில் தேவைப்பட்டதே இல்லையே!

"தம்பி, வலைய எடுத்தாப்பா!"

சலூன்காரர் தன் வலையைத் தூக்கிக்கொண்டு ஒற்றைக்கால் செருப்போடு ஓடிவந்து முழங்கால் தண்ணீரில் இறங்கினார். "விடாதீங்கக்கா! நூல விடுங்க! ஐயோ, விடாதீங்க!"

"விடறதா வேணாமா, ஏதாவது ஒண்ணச் சொல்லுய்யா!"

கால்மணி நேரம் போராடி ஏற்றினார்கள். பொன்னிறச் செதில், குண்டுக் கன்னம். அம்மா கழுத்தில் கிடந்த அளவு நாடாவை எடுத்தாள். "நீளம் இருபத்தஞ்சு இஞ்ச். இடுப்பு பதினெட்டு. எட்டு வருஷமா நம்ம மெஸ்ல சாப்பிட்ட உடம்பு, சும்மாவா?"

பிறகு இரண்டு கையாலும் ஏந்தித் தண்ணீரில் விட்டாள்.

"அக்கா! என்ன பண்றீங்க? ஊருக்குக் காட்ட வேணாமா?"

"நீ பாத்தல்ல தம்பி? சலூன்ல உக்காந்து சொல்லு. பேர் வச்சதும் உன் வாய்தானே!"

சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. அவர் வாயில் மீன் மட்டும் ஆறு இஞ்ச் வளர்ந்திருந்தது.

மறுநாள் எனக்கு நேர்முகத் தேர்வு. அம்மா தைத்துக் கொடுத்த கோட்டுடன் லிஃப்டில் ஏறினேன். கண்ணாடியில் இடது தோள் தொங்கியது. அமுக்கிப் பார்த்தேன். தோளை நிமிர்த்தி வைக்கும் பஞ்சுப் பேட் உள்ளே இல்லை. மாவில் பார்த்த வெள்ளை இழைகள் நினைவுக்கு வந்தன.

அறையில் இடது தோளைத் தூக்கிப் பிடித்தபடி உட்கார்ந்தேன். நடுவிலிருந்த அம்மையார், "தோள்ல அடியா?" என்றார். வீட்டைப் பற்றிக் கேட்டால் சொல்ல மழுப்பலாக ஒரு வாக்கியம் தயாராக இருந்தது. வாயில் வந்தது வேறு.

"இல்ல மேடம். அத ஒரு கெண்டை தின்னுடுச்சு."

பிறகு எல்லாவற்றையும் சொல்ல வேண்டியதாயிற்று. எட்டு டம்ளரின் கணக்கை அவர் தாளில் வரைந்து காட்டச் சொன்னார். வேலை அதனால்தான் கிடைத்ததா, தெரியாது. அம்மா என்ன வேலை செய்கிறாள் என்பதை நான் முணுமுணுக்காமல் சொன்ன முதல் நாள் அது.

வீட்டில் அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். "ஐயையோ! நேத்தே வச்சுத் தைக்கணும்னு இருந்தேன்டி. மீனு வந்த சந்தோஷத்துல மறந்தே போச்சு."

"கடையில வேற பஞ்சே இல்லையா?"

"அடுத்தவங்க கோட்டுல கை வைக்கலாமா? அதோட, உன்னோடதுதான் நீள இழை. இந்த வாரம் வச்சுத் தந்துடறேன்."

ஒரு வருடம் ஆகிறது. இதற்குள் மூன்று கெண்டைகள் ஏறிவிட்டன. போன ஞாயிறு கோட்டை எடுத்துப் பார்த்தேன். வலது தோளும் தொங்கியது.

"இப்ப ரெண்டும் சமமா இருக்குல்ல?" என்றாள் அம்மா, மாவிலிருந்து கண்ணை எடுக்காமல்.

எனக்கு வரவேண்டிய தோள்கள் இப்போது இரண்டு.