நானே பிடுங்கிய பிளக் வயர்

மனைவி இறந்த பிறகு பழனிசெட்டிபட்டி வீட்டில் நான் தனியாள். அவள் வளர்த்த புல்தரையும் அதை வெட்டும் மெஷினும்தான் மிச்சம்.

ஒருநாள் மெஷின் பாதியில் நின்றது. தேனியில் கடை வைத்திருக்கும் மெக்கானிக் பாய் வந்து, புழுதி அடைத்திருந்த ஏர் ஃபில்டரைக் கழுவி மாட்டினார். டீ குடித்தபடி கம்பத்துத் திராட்சைத் தோட்டங்களைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினார். அவர் போனதும் வீட்டில் இருக்கவே முடியவில்லை.

அடுத்த வாரம் நானே மெஷின் இன்ஜினின் பிளக் வயரைப் பிடுங்கிவிட்டு, "ஸ்டார்ட் ஆகல பாய்" என்று போன் செய்தேன். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் அதற்கடுத்த இரண்டு வாரமும் பிடுங்கினேன். அவரும் வயரை மாட்டிவிட்டு உடனே கிளம்பாமல், ஒருமுறை பிளேடைத் தீட்டினார். மறுமுறை ஆயில் மாற்றினார்.

கடைசி முறை சிரித்தார். "அண்ணே, இனிமே இதுல பாக்க ஒண்ணுமே இல்ல. வயரு தானா கழலாதுன்னு மொத வாட்டியே தெரியும்."

நான் தலை நிமிரவில்லை. அவர் கையைக் கழுவிக்கொண்டு, "டீ போடலையாண்ணே?" என்றார்.

ஒரு மனிதரைக் கூப்பிட ஏதாவது பழுதாக வேண்டும் என்றே நினைத்திருந்தேன். இப்போது வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் அவராகவே வருகிறார். டூல்ஸ் பெட்டியைக் கொண்டுவருவதில்லை.