சுண்டாத கயிறு

போன வருஷம் ஈஸ்டர் முடிந்த வாரம், புன்னைக்காயல் கடற்கரையில், பட்டப்பகலில் நடந்தது இது. எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் வேறு மாதிரி சொல்வார்கள். நம்பாதீர்கள்.

என் மனைவியின் தம்பி எங்களோடுதான் இருக்கிறான். சங்கு குளித்துக்கொண்டிருந்தவன். இருபதுகளின் கடைசியில் மனச்சிதைவு நோய் வந்தது. காதில் குரல்கள் கேட்டன. யாரோ துரத்துவதாக ஓடினான். ஆஸ்பத்திரி, மாத்திரை என்று மெல்ல எல்லாம் அடங்கியது. கூடவே அவனும் அடங்கிவிட்டான். மாத்திரை, சாப்பாடு, டிவி, மறுபடி மாத்திரை. "தங்கமா பாத்துக்கிடுதாங்க" என்று ஊரே எங்களை மெச்சியது.

ஒருநாள் டாக்டர், "அவருக்கு என்ன பிடிக்கும்?" என்று கேட்டார். நானும் மனைவியும் முழித்தோம். அவனே சொன்னான்: "கடலு." தாராளமாகப் போகட்டும், கூட ஒருத்தர் இருங்கள் என்றார் டாக்டர். அந்த ஒருத்தர் நான்.

எங்கள் பக்கம் சங்கு குளிக்கிறவனுக்குப் படகில் கயிறு பிடிப்பது அவன் மச்சினன்தான். அக்கா தாலியறுக்க எந்தத் தம்பியும் விடமாட்டான் என்ற நம்பிக்கை. கீழே இருப்பவன் கயிற்றைச் சுண்டினால்தான் மேலே இழுக்க வேண்டும். மேலே இருப்பவன் பயந்துபோய் இழுக்கக் கூடாது. டீக்கடையில் இதை எத்தனையோ பேருக்கு விளக்கியிருக்கிறேன். எனக்கு நீச்சல் தெரியாது என்பது வேறு விஷயம். துறைமுகத்தில் லாரிகளுக்கு டோக்கன் கொடுக்கிற ஆள் நான். கடலை ஜன்னல் வழியாகத்தான் பழக்கம்.

அன்று அவன் சட்டையைக் கழற்றி, மடித்து, என் கையில் கொடுத்துவிட்டு இறங்கினான். திரும்பிப் பார்த்துச் சிரித்தான். கொஞ்ச தூரம் நீந்தி முங்கினான். முங்கினவன் வரவில்லை.

மூச்சடக்குவதுதான் அவன் தொழிலே. அது அப்போது ஞாபகம் வரணுமே! வந்தது என் மனைவியின் முகம்தான். "ஐயோ, போயிட்டானே!" என்று ஊர் அதிரக் கத்தினேன். வேட்டி, செருப்பு, சட்டைப்பையில் போன், எல்லாவற்றோடும் பாய்ந்தேன். நாலு எட்டில் காலுக்குக் கீழே தரையைக் காணோம். மாதாவைக் கூப்பிட்டேன். அந்தோணியாரைக் கூப்பிட்டேன். அதுவரை நான் கேலி பண்ணியிருந்த புனிதர்களையும் விடவில்லை. வந்தது மச்சினன்தான். என் தலையில் மிச்சமிருந்த முடியைக் கொத்தாகப் பிடித்தான்.

"அத்தான், கையக் கால உதறாதிய. நான் பிடிச்சிருக்கம்லா."

அவன் குரல் அவ்வளவு தெளிவாக இருந்து நான் கேட்டு வருஷங்கள் ஆகியிருந்தன.

கரையில் கூட்டம் கூடிவிட்டது. வலை காயப்போட்டுக்கொண்டிருந்த ஒரு அண்ணாச்சி என் முதுகில் தட்டி, "கிறுக்குப்பய சாவப் பாத்திருக்கான். நல்லவேள, நீரு காப்பாத்திட்டீரு" என்றார்.

"அவன்தான் அண்ணாச்சி என்னயக் காப்பாத்துனான்" என்றேன். தண்ணீரைக் கக்கிக்கொண்டே சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். எதைச் சொன்னாலும் ஊரைச் சிரிக்க வைத்தே பழகியவன் நான். உண்மையைச் சொன்ன அன்றும் சிரித்தார்கள். நான் வீடு போய்ச் சேருமுன் கதை போய்ச் சேர்ந்திருந்தது. மனைவியும் என்னை நம்பவில்லை. "அவன் மேல பழி வரக் கூடாதுன்னு சொல்லுதிய" என்று அழுதாள். மறுநாள் வாசல் கேட்டில் பூட்டு தொங்கியது.

அவன் பழையபடி டிவி முன்னால் போய் உட்கார்ந்துகொண்டான்.

நான் கெஞ்சி, டாக்டரையும் பேச வைத்து, அந்தப் பூட்டை எடுக்க வைப்பதற்குள் இந்த வருஷ ஈஸ்டரே வந்துவிட்டது. "மாப்ள, வாலே, கடலுக்குப் போவோம்" என்று துள்ளிக்கொண்டு போய் நின்றேன். டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னான்:

"வேண்டாம் அத்தான். நீங்க பயந்துருவிய."

ஒவ்வொரு சனிக்கிழமையும் கேட்கிறேன். ஒவ்வொரு சனிக்கிழமையும் அதே பதில். அவன் கயிற்றைச் சுண்டவே இல்லை, நான்தான் பயந்து இழுத்துவிட்டேன். மேலே வந்தவனைத் திரும்ப எப்படிக் கடலில் விடுவது என்பது மட்டும் இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.