எங்கள் கொடியில் காய்ந்த காக்கிச் சட்டை

பெரிய பேத்தி டாக்டருக்குப் படித்து முடித்துவிட்டாள். பேரனுக்கு பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை. சின்னது, ஸ்டேட் லெவல் கபடியில் கப்போடு வந்திருக்கிறது.

இதையெல்லாம் சரோஜா அக்காவிடம் சொல்ல வேண்டும் என்று போன் நம்பர் தேடிக்கொண்டிருந்தேன்... காலையில் செய்தி வந்துவிட்டது. அக்கா இல்லை.

அயனம்பாக்கத்தில் எங்களுக்கு எதிர்வீடு. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தைந்து, எண்பத்தாறாம் வருஷம் இருக்கும். ஏரிப்பக்கம் வீட்டைவிடக் காலி பிளாட்தான் அதிகம்.

என் வீட்டுக்காரர் தவறிப்போன வருஷம் அது. நான் அம்பத்தூர் எஸ்டேட்டுக்கு வேலைக்குப் போய்விட்டால், ஸ்கூல் விட்டு வரும் இரண்டு பெண்களும் வீட்டில் தனியாக.

அப்போது பக்கத்துத் தெருவில், ஆண் துணை இல்லாத வீடாகப் பார்த்துப் பட்டப்பகலில் புகுந்து செயினை அறுத்துக்கொண்டு போனார்கள். எனக்கு வேலையில் கை ஓடாது.

ஒருநாள் அக்கா வாளியோடு வந்து, தன் வீட்டுக்காரரின் காக்கிச் சட்டையை எங்கள் கொடியில் உதறிப் போட்டார்.

"இன்னாக்கா, உங்க ஊட்டுக் கொடி இன்னா ஆச்சி?"

"உன் கொடியில வெறும் பொடவையும் கவுனுமா தொங்கிகினு கீது. ஆம்பள இல்லாத ஊடுன்னு போறவன் வர்றவனுக்குத் தெரியாதா? கம்முனு இருடி."

அன்றிலிருந்து தினமும். நான் வேலை விட்டு வந்த பிறகுதான் எடுப்பார்.

தெரு சும்மா இருக்குமா... குழாயடியில் ஒருத்தி கேட்டே விட்டாள். "புருசன் செத்த ஊட்ல யார் சட்டைடி காயுது?"

குடத்தை அங்கேயே போட்டுவிட்டு வந்தேன். அக்காவிடம் போய், வேண்டாம், எடுத்துவிடுங்கள் என்று அழுதேன்.

மறுநாள் காலை. அக்காவின் வீட்டுக்காரர், பெண்களிடம் நின்று பேசவே கூச்சப்படுகிற மனுஷர், ஷிப்டுக்குப் போகிற வழியில் எங்கள் வாசலில் சைக்கிளை நிறுத்தினார். குழாயடிக்கே கேட்கிற மாதிரி குரல் கொடுத்தார்.

"தங்கச்சி! அண்ணன் சட்டை காஞ்சிடுச்சாம்மா?"

எதிர்வீட்டிலிருந்து அக்கா, "யோவ், இப்பத்தானே தொவச்சிப் போட்டேன்! ஈரத்தோட மாட்டிகினு போறியா?"

குழாயடியே சிரித்துவிட்டது. அப்புறம் யாரும் என்னைக் கேட்கவில்லை.

என் பெண்கள் ஆளாகி வேலைக்குப் போகிற வரைக்கும் அந்தச் சட்டை எங்கள் கொடியில்தான் காய்ந்தது. எங்கள் வீட்டு வாசல் பக்கம் ஒருத்தன் வரவில்லை.

அண்ணன் ரிடையர் ஆனதும் ஊர்ப்பக்கம் போய்விட்டார்கள். போய்ப் பார்க்கணும், போய்ப் பார்க்கணும் என்றே இத்தனை வருஷம்...

நல்லபடியா போய்ச் சேருங்கக்கா.

அக்கா மகன் குமார் செய்தியோடு போட்டிருக்கும் படம், அந்தக் காலத்தில் எடுத்தது. அந்த முகம் எனக்கு மனப்பாடம்.

தலை நரைத்த அக்காவைத்தான் நான் பார்க்கவே இல்லை. குமாரு, கடைசியாக எடுத்தது உன் போனில் இருக்கும். ஒன்று போடு ராஜா...